புதன்கிழமை ஒரு வாய்

தையல்நாயகிக்குப் பொய் சொல்ல வராது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அந்தக் குப்பத்துத் தாய்மார்களைக் கேட்டால் அதை ஒரு தொந்தரவு என்றுதான் சொல்வார்கள். மாதாமாதம் பால்வாடியில் பிள்ளைகளைத் தராசில் தொங்கவிட்டு எடை பார்க்கும்போது, "கொஞ்சம் ஏத்திப் போடுங்க டீச்சர், எங்க மாமியா திட்டும்" என்று கெஞ்சினாலும் நூறு கிராம்கூட ஏற்றி எழுத மாட்டாள். "நான் எழுதினா புள்ள கொழுத்துடுமா? வீட்ல ரெண்டு முட்டை அவிச்சுப் போடு" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். இப்படிப்பட்ட வாயை வைத்துக்கொண்டு பன்னிரண்டு வருடம் ஒரே இடத்தில் காலம் தள்ளியதே பெரிய காரியம்தான்.

மரக்காணத்துக்கும் அனுமந்தைக்கும் நடுவே கடலை ஒட்டி இருக்கிறது குப்பம். அவளுடைய ஊர் மேற்கே, நெல்லும் மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் விளைகிற பக்கம். பஸ்ஸில் வந்து மெயின் ரோட்டில் இறங்கி, உப்பளத்து வரப்பின் மேல் குறுக்கே நடந்து பால்வாடிக்கு வருவாள். விடியும் முன்பே வேலைக்கு இறங்கியவர்கள் அந்நேரம் பாதி உப்பை வாரிக் குவித்திருப்பார்கள். "டீச்சர் வந்துட்டாங்க, மணி எட்டரை" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள்.

வேலைக்கு வந்த புதிதில் அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. பிறந்த வீடும் சைவம், புகுந்த வீடும் சைவம். முட்டைகூட வாசற்படி ஏறாது. அப்படிப்பட்டவளைக் கொண்டுபோய் மீனவர் குப்பத்தில் போட்டது அரசாங்கம். முதல் வாரம் முழுவதும் முந்தானை மூக்கைவிட்டு இறங்கவில்லை. சமையலுக்கு இருந்த லூர்துமேரி பிள்ளைகளுக்கு முட்டை உரிக்கும்போது இவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். ஒரு வருடத்தில் மூக்கு பழகியது. இரண்டாம் வருடம் கையும் பழகி, முட்டையை அவளே உரித்தாள். நாக்கு மட்டும் பழகவில்லை. அதைப் பழக்க வேண்டும் என்று அவள் நினைத்ததும் இல்லை.

ஆனால் அடுத்தவர் நாக்கைப் பழக்குவதில் கெட்டிக்காரி. சோறும் மீன்குழம்பும் தவிர வேறொன்றைச் சாப்பாடாகவே மதிக்காத பிள்ளைகள் அவை. பீன்ஸைக் கண்டால் புழு என்று அலறும். கேரட்டைக் கடித்துப் பார்த்துவிட்டு, அடுத்த பிள்ளையின் சட்டைப் பையில் போட்டுவிடும். அடித்து ஊட்டுவது அவளுக்குப் பிடிக்காது. அதனால் புதன்கிழமை என்று ஓர் ஏற்பாடு செய்தாள். புதன்கிழமை தோறும் வீட்டிலிருந்து புதிதாக ஏதாவது கொண்டுவருவாள். ஒரு வாரம் பீட்ரூட், ஒரு வாரம் கொள்ளுச் சுண்டல், ஒரு வாரம் அரைநெல்லி. எல்லோரும் ஒரு வாய் வைத்துப் பார்க்க வேண்டும். பிடித்தால் முழுங்கலாம். பிடிக்காவிட்டால் வாசலில் இருக்கிற பூவரச மரத்தடிக்குப் போய்த் துப்பிவிட்டு வரலாம். "ஒரு வாய். பிடிக்கலன்னா துப்பிடு. யாரும் அடிக்க மாட்டாங்க." இதுதான் சட்டம். துப்பலாம் என்று தெரிந்ததுமே பிள்ளைகளுக்குப் பயம் விட்டுப்போயிற்று. மாதம் ஒன்று ஆவதற்குள் மரத்தடிக்கு ஓடுகிற கூட்டம் பாதியாகிவிட்டது.

கூடவே ஒரு பாட்டும் கட்டினாள்.

"கீரை போச்சு ரத்தமாச்சு,
கேரட்டு போச்சு கண்ணாச்சு,
முட்டை போச்சு சதையாச்சு,
மீனு போச்சு மூளையாச்சு!"

கையையும் கண்ணையும் கன்னத்தையும் தலையையும் தொட்டுத் தொட்டுப் பிள்ளைகள் பாடும். பாட்டு முடிந்ததும், "நாம தின்னது எங்கயும் போவாது. ஒடம்புலயே சேந்து நாமளா ஆயிடும்" என்பாள். பன்னிரண்டு வருடமாகச் சொன்ன வாசகம். அதில் ஓர் எழுத்துக்கூடப் பொய்யில்லை.

மாயவன், செல்லம்மாள் தம்பதியின் மகள் தமிழ்நிலா 2004 ஜூனில் பால்வாடியில் சேர்ந்தபோது அதற்கு மூன்றரை வயது. புதன்கிழமைக்கென்றே பிறந்த பிள்ளை. எதைக் கொடுத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு மெல்லும், கண்ணைத் திறந்து "இன்னொண்ணு" என்று கையை நீட்டும். பூவரச மரத்தடிக்கு அது போனதே இல்லை. குப்பத்துப் பிள்ளைகளுக்கு நீ, நீங்க என்கிற வித்தியாசமெல்லாம் தெரியாது. "நீ நாளைக்கும் கொண்டா டீச்சர்" என்று இது உத்தரவே போடும்.

செல்லம்மாள் மீன் விற்கிறவள். விடியலில் கரையில் ஏலம் எடுத்து, கூடையோடு மரக்காணம் மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் பிள்ளையை விட்டுப்போவாள். ஒருநாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வாசலிலேயே நின்றாள்.

"கேரட்டு வாங்கியா, கேரட்டு வாங்கியான்னு எம்பொண்ணு என் உயிர வாங்குது டீச்சர். அதுக்குக் கத்துக்குடுத்துட்டீங்க. நான் எப்ப உங்களுக்கு மீன் தின்னக் கத்துக்குடுக்கறது? ஒரு வாய். பிடிக்கலன்னா துப்பிடுங்க!"

"அடுத்த ஜென்மத்துல பாக்கலாம் செல்லம்மா" என்று தையல்நாயகி சிரித்தாள்.

"சரி, அப்ப வந்து நானே ஊட்டி விடறேன்" என்று கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போனாள் அவள்.

அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாயவன் விடியும் முன்பே கடலுக்குப் போயிருந்தான். செல்லம்மாள் ஏலத்துக்காகக் கரையில் நின்றிருந்தாள். தண்ணீர் வந்தபோது தமிழ்நிலாவைப் பக்கத்து வீட்டுக்காரி இடுப்பில் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு ஓடினாள். நடுக்கடலில் இருந்த மாயவனுக்கு ஒன்றுமே தெரியவில்லை. திரும்பி வந்தபோது வீடு இல்லை, பெண்டாட்டி இல்லை. மற்றவர்களின் உடல்கள் ஒவ்வொன்றாகக் கிடைத்தன. செல்லம்மாள் கடைசிவரை கிடைக்கவில்லை. பால்வாடிக்கு மூன்று பக்கச் சுவர் மட்டும் மிஞ்சியது. அது திங்கட்கிழமையாக இருந்திருந்தால் பிள்ளைகள் அத்தனையும் உள்ளே இருந்திருக்கும் என்பதைத் தையல்நாயகியால் நினைத்துப் பார்க்கவே முடியாது.

பிறகு நிவாரண லாரிகள் வந்தன. மெயின் ரோட்டோரம், உப்புப் பாத்திகளுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டுப் பால்வாடியை அங்கே மாற்றினார்கள். ரொட்டி, ஜாம், பாக்கெட் பாக்கெட்டாக பிஸ்கட், வடக்கேயிருந்து அட்டை அட்டையாய்ச் சப்பாத்தி. புதுச் சாப்பாட்டுக்குப் பஞ்சமே இல்லை. எந்தப் பிள்ளையும் துப்பவில்லை. பசி இருக்கும்போது டீச்சர் எதற்கு, பாட்டு எதற்கு? தையல்நாயகி புதன்கிழமையை நிறுத்திவிட்டாள்.

அந்தக் கரையில் திடீரென்று தொடக்கூடாததாக ஆகிப்போனது ஒன்றே ஒன்று, மீன். "மீனெல்லாம் ஆளத் தின்னு கொழுத்துக் கெடக்குது" என்று பிள்ளைகள் காதில் விழும்படியே பெரியவர்கள் பேசினார்கள். மார்க்கெட்டில் வஞ்சிரத்தைக்கூடச் சீந்துவாரில்லை. மீன் தின்றே வளர்ந்த ஜனம் மாதக்கணக்கில் பருப்புத் தண்ணீரோடு கிடந்தது. ஆனால் வயிறு எத்தனை நாளைக்குத் துக்கம் காக்கும்? புதுப் படகுகள் வந்தன, வலைகள் வந்தன. ஆடி மாதத்துக்குள் ஒவ்வொரு அடுப்பிலும் மறுபடி குழம்பு கொதித்தது. மீன் ஆளைத் தின்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை.

தமிழ்நிலா மட்டும் தொடவில்லை. முதலில் மீன் வேண்டாம் என்றது. பாவம், தாய் போன துக்கம் என்று விட்டுவிட்டார்கள். பிறகு முட்டை கொடுத்தால், "கோழி என்ன தின்னுச்சு?" என்று கேட்டது. கீரை கொடுத்தால், "இது எந்த மண்ணுல மொளைச்சுது?" என்று கேட்டது. கேட்டுவிட்டுத் தட்டைத் தள்ளிவைத்தது. ஆவணி மாதம் சாம்பார் சாதத்தையும் நிறுத்திவிட்டது. லாரியில் வந்த பிஸ்கட்டை மட்டும் தண்ணீரில் நனைத்துத் தின்றது. லாரியும் அநேகமாக நின்றுபோயிருந்தது. எடைத் தராசில் தொங்கவிட்டபோது முள் பதினொன்றைத் தொடவில்லை. சேர்ந்த அன்றைக்கே பன்னிரண்டரை இருந்த பிள்ளை. எடை அட்டையில் கோடு சிவப்புக்கு இறங்கியது. பெரியாஸ்பத்திரியில் டானிக் எழுதிக்கொடுத்து, நன்றாகச் சாப்பிட வையுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அதைத்தானே யாராலும் செய்ய முடியவில்லை!

"நீங்கதான் டீச்சர் ஏதாச்சும் பண்ணணும்" என்று மாயவன் கொட்டகை வாசலில் நின்றான். "நீங்க சொன்னா கேக்கும். எனக்கு மிச்சம் இது ஒண்ணுதான்."

அன்று மத்தியானம் மற்ற பிள்ளைகள் படுத்த பிறகு, தட்டில் சாம்பார் சாதத்தோடு தமிழ்நிலாவை வாசலுக்குக் கூட்டிவந்து உட்காரவைத்தாள் தையல்நாயகி. எதிரே பாத்திகளில் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது.

"சாம்பார் சோறு உனக்குப் பிடிக்குமே கண்ணு. ஏன் வேணாம்?"

"உப்பு போட்டியா?"

"லூர்துமேரிக்கா போட்டாங்க. உப்பு இல்லாம எப்படி?"

குழந்தை பாத்தியைக் காட்டியது. "அது கடல் தண்ணிதான?"

"ஆமா."

"கடல்லதான எங்கம்மா இருக்காங்க."

தையல்நாயகி தட்டைக் கீழே வைத்தாள். "அதுக்கும் சோத்துக்கும் என்னம்மா?"

"தின்னது எங்கயும் போவாதுன்னு நீதான சொன்ன" என்றது தமிழ்நிலா. பாடம் ஒப்பிக்கிற குரல்தான், அழுகை இல்லை. "மீனு போச்சு மூளையாச்சு. எங்கம்மாவ மீனு தின்னுச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க. அப்ப எங்கம்மா மீனாயிட்டாங்க. தண்ணியாயிட்டாங்க. உப்பாயிட்டாங்க. நான் அம்மாவ தின்ன மாட்டேன்."

பாட்டு பொய் என்று சொல்லலாமா? பாட்டு பொய் இல்லை. மீன் அப்படித் தின்னாது என்று சொல்லலாமா? அவளுக்கு அது தெரியாது. தட்டிலிருந்த சாதம் காய்ந்துபோகும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்து கணவன் சிவஞானத்திடம் சொன்னாள். "எம்பாட்டு ஒரு புள்ளையைக் கொல்லுதுங்க."

அவர் விவரமெல்லாம் கேட்டுக்கொண்டார். "நாலு வயசுப் புள்ளைக்கு ஏதாவது ஒரு சமாதானம் சொல்லேன். பொய்யா இருந்தாத்தான் என்ன?" என்றார்.

"எனக்கு வராதே" என்று சொல்லி அழுதாள்.

அடுத்த வாரம் புதன்கிழமையை மறுபடி தொடங்கினாள், ஆனால் வீட்டிலிருந்து எதுவும் கொண்டுவரவில்லை. முந்தின நாளே மாயவனைக் கூப்பிட்டு, "நாளைக்கு நான் மீன் சாப்பிடப் போறேன். புள்ள பாக்கட்டும். நீயே செஞ்சு கொண்டா" என்று சொல்லியிருந்தாள். அவன் திகைத்துப்போனான்.

"எந்த மீனுங்க?"

"செல்லம்மா எனக்கு எதைக் குடுத்திருப்பா?"

அவன் யோசித்தான். "கெழங்காங்க. முள்ளு கம்மி. பாப்பாவுக்கும் மொதமொதல்ல அதத்தான் குடுத்தா."

பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தன. டீச்சர் மீன் தின்னப் போகிறாள் என்றால் அதைவிட வேடிக்கை உண்டா? சிரிப்பும் கூச்சலுமாக இருந்தது கொட்டகை. தையல்நாயகி மாயவன் கொண்டுவந்த மீன் துண்டைப் பிட்டு, கண்ணை மூடி வாயில் வைத்தாள். அந்த வழவழப்பு நாக்கில் பட்டதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நாற்பத்தாறு வருடச் சைவ உடம்பு லேசில் விடுமா? கண்ணில் நீர் கொட்டியது. மெல்லவும் முடியாமல் முழுங்கவும் முடியாமல் தரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சிரிப்பு நின்றுபோனது.

தமிழ்நிலா எழுந்து பக்கத்தில் வந்தது. டீச்சரின் முதுகைத் தடவிக்கொடுத்தது.

"பிடிக்கலன்னா துப்பிடு டீச்சர். யாரும் அடிக்க மாட்டாங்க."

தையல்நாயகி முழுங்கினாள்.

பார் கண்ணு, இது வெறும் மீன்தான், எனக்கு ஒன்றும் ஆகவில்லை பார் என்று சொல்வதற்காக எல்லாம் யோசித்து வைத்திருந்தாள். அதற்குள் குழந்தை அவள் வயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தது.

"அம்மா உள்ள போயிட்டாங்களா?"

அவள் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒன் ஒடம்புல சேந்துட்டாங்களா டீச்சர்?"

அந்தக் கை குச்சியாக இருந்தது. கழுத்தெலும்பு இரண்டும் துருத்திக்கொண்டு தெரிந்தன. தையல்நாயகி அவற்றைப் பார்த்தாள். "ஆமாம் கண்ணு" என்றாள்.

"அப்ப நீ ஊட்டு" என்று தமிழ்நிலா அவள் மடியில் உட்கார்ந்து வாயைத் திறந்தது. உப்புப் போட்ட சாம்பார் சாதம், ஒரு தட்டு முழுக்க இறங்கியது. வாசலில் நின்றிருந்த மாயவன் பாத்திகளைப் பார்க்கத் திரும்பிக்கொண்டான். லூர்துமேரி கரண்டியோடு நின்று சிலுவை போட்டுக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் தலைக்கு ஊற்றிக்கொண்ட பிறகும் தையல்நாயகிக்குச் சாமி விளக்கேற்றக் கை வரவில்லை. என்னவென்று கேட்ட சிவஞானத்திடம் சொன்னாள். இரண்டையும் சொன்னாள், மீனையும் பொய்யையும். அவர் தானே விளக்கை ஏற்றினார். அதற்குப் பிறகு புதன்கிழமைகளில் அவர்தான் ஏற்றினார்.

ஏனென்றால் அது ஒரு நாளோடு முடியவில்லை. அடுத்த புதன்கிழமை தமிழ்நிலா ஒரு சின்ன டப்பாவில் மீன் துண்டோடு வந்தது. "தின்னு டீச்சர். அம்மா இன்னும் கொஞ்சம் வரட்டும்" என்றது. அதற்கடுத்த வாரமும் வந்தது. தான் மட்டும் தொடாது. டீச்சர் முழுங்குகிற வரை பார்த்துக்கொண்டே நிற்கும். முழுங்கியதும் வயிற்றில் வாயை வைத்து, "அம்மா, நான் முட்டை தின்னேன். அம்மா, அப்பா புது வலை வாங்கிச்சு" என்று சேதி சொல்லும். டீச்சர் கையால் கீரை தின்றது, முட்டை தின்றது. அட்டையில் கோடு சிவப்பிலிருந்து மஞ்சளுக்கும், மஞ்சளிலிருந்து பச்சைக்கும் ஏறியது. மேலதிகாரி வந்து பார்த்துப் பாராட்டிவிட்டு, எப்படி முடிந்தது என்று கேட்டார். தையல்நாயகி தலையைக் குனிந்து அட்டைகளை அடுக்கினாள்.

லூர்துமேரிதான் ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள். "நல்லதுதான் பண்ணீங்க டீச்சர், இல்லன்னு சொல்லல. ஆனா ஒரு நாள் இல்ல ஒரு நாள் அது அம்மாவக் கேக்கும். அன்னைக்கு என்ன பண்ணுவீங்க?"

அந்த ஒரு நாள் 2006 ஜூனில் வந்தது. தமிழ்நிலாவை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கிற நாள். புதன்கிழமைகூட இல்லை. புதுச் சட்டையும் பாவாடையும் போட்டு, எண்ணெய் வழிய இரட்டைச் சடை பின்னி, மாயவன் கொட்டகைக்குக் கூட்டிவந்திருந்தான். எடை பதினைந்தைத் தாண்டியிருந்தது. கையில் அதே டப்பா.

"இதத் தின்னுட்டா முழுசா வந்துடுவாங்கதான டீச்சர்?"

"யாரும்மா?"

"அம்மா. எவ்ளோ நாளா தின்னுட்ட!" அது வெளியே கையைக் காட்டியது. ரோட்டில் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு பெண்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். "எல்லாரும் அவங்கம்மா கூட போறாங்க. நானும் அம்மா கூட போறேன். வெளிய வரச் சொல்லு."

மாயவன், "பாப்பா, வா போலாம்" என்று பிடித்து இழுத்தான். அது நகரவில்லை.

தையல்நாயகி மண்டியிட்டுக் குழந்தையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். இன்னொரு பொய் சொல்லியிருந்தால் அன்றைய பொழுது தள்ளிப்போயிருக்கும். பொய்யும் பழகத்தான் செய்கிறது; நாக்கு எதற்குத்தான் பழகாது? ஆனால் குழந்தை அவள் வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றது. அவளால் முடியவில்லை.

"அம்மா வர மாட்டாங்க கண்ணு. எனக்குள்ள அவங்க இல்ல. நான் பொய் சொன்னேன்."

"நீ தின்னியே?"

"நான் தின்னது மீனு. மீனு மட்டுந்தான்."

"அப்ப அம்மா எங்க?"

"எங்கயும் இல்லம்மா. செத்துட்டாங்க."

குழந்தை அழும் என்று நினைத்தாள். கையை உதறிவிட்டு ஓடும், அடிக்கும், இனி சோற்றைத் தொடாது என்றெல்லாம் ஒரு நொடியில் நினைத்துவிட்டாள். அது எதுவும் செய்யவில்லை. டப்பாவைக் குனிந்து பார்த்தது. பிறகு மூடியைத் திறந்து, துண்டை எடுத்து, பழைய புதன்கிழமைகளில் செய்வது போலவே கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டு மென்றது.

"பிடிக்கலன்னா துப்பிடும்மா" என்றாள் தையல்நாயகி.

தமிழ்நிலா மாட்டேன் என்று தலையை ஆட்டியது. முழுங்கிவிட்டுக் கண்ணைத் திறந்தது.

"வெறும் மீனுதான் டீச்சர்" என்றது.

மீதியையும் தின்று, முள்ளைச் சப்பி டப்பாவுக்குள் போட்டு மூடி, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனது.